எங்கள் வீட்டுப் புகை

அன்புள்ள பெறாமகளுக்கு,

இந்தியாவிலிருந்து வருகிற புகைக்கு நாங்கள் என்ன செய்யலாம் என்று கேட்டிருந்தாய். பாதி நியாயமான கேள்விதான். 2022 டிசம்பரில் மாண்டஸ் புயலை ஒட்டி யாழ்ப்பாணமே மங்கிக் கிடந்தது. 9ஆம் திகதி நாடு முழுக்கப் பள்ளிக்கூடங்களைப் பூட்டினார்கள். வாடைக்காற்றுக் காலத்தில் அழுக்குக் காற்று கடல் தாண்டி வருவதைத் தேசிய கட்டட ஆய்வு நிறுவனமும் சொல்லித்தான் வருகிறது. அந்தக் கிழமை எல்லாரும் முகக்கவசம் தேடினோம்.

மற்ற நாட்களில்? பின்னேரம் எந்த ஒழுங்கைக்குள்ளும் சைக்கிளில் போய்ப் பார். படலையடியில் மாஞ்சருகு, வேப்பஞ்சருகு, அதற்குள் இரண்டு சொப்பிங் பை. பற்றாவிட்டால் கொஞ்சம் மண்ணெண்ணெய். பை சுருண்டு, கறுத்து, உருகிச் சொட்டும். புகை பக்கத்து வீட்டு ஜன்னலுக்குள் போகும். கூட்டிக் கொளுத்தினால்தான் வளவு துப்புரவு என்பது எங்கள் சனத்தின் எண்ணம். நுளம்பும் ஓடுமாம்!

திடீரென வந்ததும் பிறத்தியான் செய்ததும் பெரிய ஆபத்தாகத் தெரியும். பழகினது கண்ணில் படாது. சுன்னாகத்துக் கிணறுகளில் எண்ணெய் படர்ந்ததைக் கண்ட சனம் தெருவில் இறங்கியது. வழக்கு உயர் நீதிமன்றம் வரை போய், 2019இல் இழப்பீடு கொடுக்கச் சொல்லித் தீர்ப்பும் வந்தது. காற்றில் அப்படிப் படலம் மிதக்காதே. அதோடு, போர்க்காலப் பொருளாதாரத் தடையின்போது துளி பெற்றோல் விட்டுக் கிளப்பி, மண்ணெண்ணெயில் வாகனம் ஓட்டிய ஊர் இது. அந்தப் புகை மணம் வந்தால், வாகனம் ஓடுகிறதே என்று ஆறுதல்தான் வந்தது.

புகையில் பயப்பட வேண்டியது நுண்துகளுக்கு. 2.5 மைக்ரோமீட்டருக்கும் சிறியது, தலைமயிரின் தடிப்பில் ஏறக்குறைய முப்பதில் ஒரு பங்கு. மூக்கில் சிக்காமல் நுரையீரலின் அடிவரை போய் இரத்தத்திலும் கலக்கும். இருமலோடு நிற்காது, இதயத்தையும் கெடுக்கும். உலக சுகாதார நிறுவனம் 2021இல் ஒரு நாள் சராசரிக்கு வைத்த அளவு கன மீட்டருக்கு 15 மைக்ரோகிராம். இலங்கையின் வரம்பு 50. ஆகையால் வரம்புக்குள் இருக்கிறது என்று ஒருவர் சொன்னால், எந்த வரம்பு என்று கேள்.

சருகுக்கு வழி எங்கள் தோட்டக்காரரிடமே உண்டு. குழையும் பனையோலையும் தாழ்த்திப் புகையிலை வளர்த்த மண்ணல்லவா? வாழையடியில் குழி வெட்டிப் போடு. சொப்பிங் பைக்கு அது சரிவராது. தரம் பிரித்து மாநகர சபை வண்டியில் கொடு என்றுதான் சொல்வேன். ஆனால் அந்தக் குப்பை போய்ச் சேருகிற கல்லுண்டாய் மேடும் பலமுறை தீப்பிடித்திருக்கிறது. அதைப் பற்றிச் சபைக்கு எழுதப் போகிறாய் என்றால் சொல்லு, நானும் கையெழுத்து வைக்கிறேன்.

அன்புடன்,
சித்தப்பா