திருவிக்ரமனா, த்ரிவிக்ரமனா?

வடமொழியில் எண்ணைக் குறிக்கும் சொல் மற்றொரு சொல்லின் முன்னே நின்று அதனோடு ஸமாஸமாகச் சேர்தல் பெருவழக்கு. ‘த்ரி’ என்றால் மூன்று. தமிழில் ‘மூன்று’ என்பது ‘மு’ எனக் குறுகி ‘முக்கோல்’ என்று வருவது போல, வடமொழியில் ‘த்ரிதண்டம்’ என்று வரும். எம்பெருமானார் திருக்கையில் தாங்கிய, மூன்று கோல்களை ஒன்றாகப் பிணைத்த தண்டத்தையே இவ்விரு சொற்களும் குறிக்கும்.

இச்சேர்க்கை இருவகையாகப் பொருள் தரும். ‘த்ரிலோகீ’ என்றால் மூன்று உலகங்களின் தொகுதி. இது த்விகு ஸமாஸம். ‘த்ரிவிக்ரமன்’ என்பதோ மூன்று அடிகளைச் சொல்வதோடு நில்லாமல், அவ்வடிகளை வைத்தருளிய எம்பெருமானையே குறிக்கும், இது பஹுவ்ரீஹி. எண் பின்னே வருமிடத்து ‘த்ரயம்’ என்று வடிவு கொள்ளும். திருமந்த்ரம், த்வயம், சரம ச்லோகம் ஆகிய மூன்றும் ரஹஸ்யத்ரயம். சித், அசித், ஈச்வரன் ஆகிய மூன்றும் தத்வத்ரயம்.

தமிழ் எழுத்தில் ‘த்ரி’ என்பது ‘திரி’ என்றாகும். நம்மாழ்வாரும் திருவாய்மொழியில் கேசவன் முதலான பன்னிரு திருநாமங்களை வரிசையாகப் பாடுமிடத்து, ஏழாவது திருநாமத்தைத் ‘திரிவிக்கிரமன்’ என்றே அருளிச்செய்தார். ஆயினும் இந்நாளில் ‘திருவிக்ரமன்’ என்று எழுதுதலும் சொல்லுதலும் பலவிடத்தும் காணப்படுகின்றன. ‘திரு’ மங்களச் சொல்லாயிற்றே, இதில் குறை என்ன என்று சிலர் வினவக்கூடும். எண் மறைந்துபோவதே குறை.

மகாபலி தாரை வார்த்துக் கொடுத்தது மூன்றடி மண். ஓரடியால் மண்ணுலகும், மற்றோரடியால் விண்ணுலகும் அளக்கப்பட்டன. அவ்விரண்டும் அவன் தன்னுடைமை என்று எண்ணியிருந்தவை. மூன்றாம் அடிக்கு இடமில்லாது போகவே, தன் தலையையே கொடுத்தான். முன்னிரண்டு அடிகள் உடைமையைக் கொண்டன. மூன்றாவது அவனையே ஆட்கொண்டது. காஞ்சியில் உலகளந்த பெருமாள் இடத்திருக்கையில் இரு விரல்களையும், வலத்திருக்கையில் ஒரு விரலையும் நீட்டி ஸேவை ஸாதிப்பது இவ்வெண்ணைக் காட்டுதற்கே என்பர் பெரியோர்.

முதலிரண்டு அடிகள் உலகங்களுக்கு. மூன்றாம் அடி அடியவனுக்கு. ‘த்ரி’ என்பதை நழுவவிட்டால் அம்மூன்றாம் அடியும் திருநாமத்தினின்று நழுவிவிடும். ஆகவே அர்ச்சனையிலும், பன்னிரு திருமண் காப்பு தரிக்கும் வேளையிலும், ‘த்ரிவிக்ரமாய நம:’ என்று எண் விளங்கச் சொல்லுதல் ஆஸ்திகர்களின் கடமையாகும்.