கறுப்பு நீரில் கறுப்பு மீன்

மாணவர்களே, பாலோவிலிருந்து குளுவாங்கைத் தாண்டிச் சென்றால் ஆயர் ஈத்தாம் வரும். மலாயில் அதன் பொருள் 'கறுப்பு நீர்'. அவ்வட்டாரக் கரிச்சதுப்பில் வாழும் குட்டிச் சண்டை மீனுக்கு 1986இல் ஷாலர் என்பவர் 'பெட்டா பெர்செபோனே' எனப் பெயரிட்டார். பெர்செபோனே கிரேக்கப் புராணத்தில் பாதாள அரசி. கறுத்த மீனுக்குப் பொருத்தந்தான்!

முழுதும் மக்காத இலைதழைகள் நீரைத் தேநீர் நிறமாக்கி, அமிலமாக்குகின்றன. பிஎச் 4 வரைகூட இறங்கும். ஆக்சிஜனும் குறைவு. ஆனால், இந்த மீனின் செவுள்களுக்கு மேலே மடிப்புகள் கொண்ட ஓர் உறுப்பு உண்டு. நீர்மட்டத்துக்கு வந்து காற்றை விழுங்கி, அதன்மூலம் சுவாசிக்கும்.

செம்பனை நட வாய்க்கால் வெட்டி நீரை வடித்தால், கரிமண் காய்ந்து அமிழும், தீயும் பற்றும். காற்றைச் சுவாசித்தாலும் மீனுக்கு நீர் வேண்டுமே!

உங்கள் பகுதி வாய்க்கால் நீரில் நீல லிட்மஸ் தாளை நனையுங்கள். சிவந்தால், அந்நீர் எங்கிருந்து வருகிறது என்று விசாரியுங்கள்.