முதியோரும் மருத்துவ ஆராய்ச்சியும்

“வயதாகிவிட்டது, இனி என்ன செய்வது?” என்னும் சொல் நம் வீடுகளிற் பெரும்பாலும் அன்போடுதான் சொல்லப்படுகின்றது. கால் வலிக்கின்றது என்பார்க்கும், தலை சுற்றுகின்றது என்பார்க்கும், உணவு செல்லவில்லை என்பார்க்கும் இவ்வொன்றே விடையாக வருதலை யாவரும் கேட்டிருக்கின்றோம். மூப்பு வேறு, நோய் வேறு என்று பிரித்தறியாத இச்சொல் மருத்துவர் வாயினின்றும் நெடுங்காலம் வந்துகொண்டிருந்தது. அது மெய்யோ பொய்யோ என்பதை வெறும் வாதத்தால் துணிதல் அரிது. முதியோரையே அணுகிப் பொறுமையோடு ஆராய்ந்தால் ஒருவாறு துணியலாம். அங்ஙனம் செய்யப்பட்ட ஆராய்ச்சிகள் சிலவற்றை ஈண்டு எடுத்துரைக்கப் புகுகின்றோம். யாம் இலக்கியம் பயில்வோமேயன்றி மருத்துவம் பயில்வோம் அல்லேம். ஆயினும் பாட்டனார் பாட்டியார் இல்லாத குடும்பம் அரிதாகலின், இப்பொருளைத் தொடுதற்கு எமக்கும் சிறிது உரிமையுண்டு எனக் கருதுகின்றோம்.

ஒரு மருந்தின் பயனை அறிய விரும்புவோர் நோயாளரை இரு கூட்டமாகப் பிரிப்பர். இன்னார் இக்கூட்டத்தினர் என்பதை மருத்துவரின் விருப்பத்திற்கு விடாமல், சீட்டுக் குலுக்கினாற்போலத் தற்செயலுக்கு விட்டுவிடுவர். ஒரு கூட்டத்தார்க்கு மருந்தும், மற்றையோர்க்கு அதனையே ஒத்த தோற்றமுடைய வெறும் மாத்திரையும் அளிப்பர். கொடுப்போரும் உண்போரும் எது எதுவென்று அறியார். இம்முறையிற் பெருங்குறை ஒன்றும் யாம் காணவில்லை. குறை, கூட்டத்திற் சேர்க்கத்தக்கவரைத் தெரிந்தெடுத்ததில் இருந்தது. குறித்த வயதைக் கடந்தோர் பலகாலும் வாயிலிலேயே நிறுத்தப்பட்டனர். அவர்க்கு நோய்கள் பல, உண்ணும் மருந்துகளும் பல; ஆகவே கணக்குக் குழம்பும் என்பது காரணம். ஆனால் அம்மருந்து கடைக்கு வந்தபின் அதனை மிகுதியாக உண்போர் யாவர்? அம்முதியோரே அன்றோ! மூப்பிற் சிறுநீரகத்தின் தொழில் தளர்தலால், அதன் வழியே வெளியேறவேண்டிய மருந்துகள் உடலில் நெடிது தங்குகின்றன; இளையோர்க்கு அளவாயிருப்பது முதியோர்க்கு மிகையாகிவிடக்கூடும். பேரனுக்கு அளவெடுத்துத் தைத்த சட்டையைப் பாட்டனார்க்கு அணிவித்துவிட்டு, அது பொருந்தவில்லையே என்று வியப்பது போன்றதாம் இது.

முதியோர்க்கும் சிகிச்சையுண்டு என்று செயலிற் காட்டியவருள் முன்னிற்பவர் மார்ஜரி வாரன் என்னும் ஆங்கில மருத்துவ அம்மையார். இலண்டனுக்கு மேற்கேயுள்ள மேற்கு மிடில்செக்ஸ் மருத்துவமனை, 1935இல், அடுத்திருந்த ஏழையர் விடுதியின் நோயாளர் பகுதியைத் தன்னோடு சேர்த்துக்கொண்டது. அதனால் 714 படுக்கைகள் அம்மையார் பொறுப்பில் வந்தன. அவற்றிற் கிடந்தோர் பலர் தீராநோயாளர் என்று கைவிடப்பட்டுப் படுத்த படுக்கையாய்க் காலங்கழித்தவர். அம்மையார் ஒவ்வொருவரையும் புதிதாக வந்த நோயாளரைப்போலவே பரிசோதித்தார், இவர்க்கு நோய் இன்னது என வகுத்தார், எழக்கூடியோரை எழுப்பி உட்காரவைத்தார், நடை பழக்கினார். பலர் வீடு திரும்பினர். பலரை எழவொட்டாமற் செய்தது நோய் மட்டுமன்று, படுக்கையுமே என்பது அப்போது விளங்கிற்று. 1943இலும் 1946இலும் அவர் இவற்றைக் கட்டுரைகளாக வெளியிட்டார்.

ஐயமுடையார் ஒருவர், “அது அவ்வம்மையாரின் தனித்திறமையாய் இருக்கலாம், ஒப்பிட்டுப் பார்க்க வேறொரு கூட்டம் இல்லையே” எனலாம். அவர் கேட்பது முறையே. அவ்வொப்பீடு 1984இல் அமெரிக்காவினின்று வெளிவந்தது. கலிபோர்னியாவில் முன்னாட் படைவீரர்க்குரிய மருத்துவமனை ஒன்றில், லாரன்ஸ் ரூபன்ஸ்டைன் என்பாரும் அவர் துணைவரும் தளர்ந்த முதியோர் 123 பேரைத் தற்செயல் முறையாற் பிரித்தனர். 63 பேர் முதியோர்க்கென அமைந்த தனிப் பகுதிக்கு அனுப்பப்பட்டனர். 60 பேர் வழக்கமான சிகிச்சையையே பெற்றனர். தனிப் பகுதியிற் புதுமருந்து எதுவும் இல்லை. மருத்துவர், தாதியர் முதலியோர் ஒருங்குகூடி, அம்முதியவரின் உடல், மனம், நடை, குடும்பநிலை ஆகிய யாவற்றையும் ஆய்ந்து மேற்செய்வதை முடிவு செய்தனர், அவ்வளவே. ஓராண்டு கழிந்தபோது, வழக்கமான சிகிச்சை பெற்றோரில் நூற்றுக்கு 48 பேர் வீதம் இறந்திருந்தனர். தனிப் பகுதிக்குச் சென்றோரில் நூற்றுக்கு 24 பேர் வீதமே இறந்திருந்தனர். இவ்விரண்டு எண்களையும் முதன்முதற் படித்தபோது, அச்சுப்பிழையோ என்று ஐயுற்று மீண்டும் படித்தோம்.

இதனினும் வியப்பைத் தந்தது போஸ்டன் நகரில் நிகழ்ந்த சிறியதோர் ஆராய்ச்சி. மரியா ஃபியாதரோனி என்னும் மருத்துவரும் அவர் துணைவரும் முதியோர் இல்லமொன்றில் வாழ்ந்த பதின்மரைத் தெரிந்தெடுத்தனர். அவர்தம் வயது 86 முதல் 96 வரை. அவர்க்கு எட்டு வாரகாலம் கால்தசைகளைக் கொண்டு பளுவுயர்த்தும் பயிற்சியை அளித்தனர். அதுவும் மெல்லிய பயிற்சியன்று, கடும்பயிற்சி. ஒருவர் இடையில் நின்றுவிட்டார். எஞ்சிய ஒன்பதின்மரின் கால்வலிமை சராசரியாக நூற்றுக்கு 174 பங்கு மிகுந்தது. அஃதாவது முன்னிருந்ததைப்போல் ஏறக்குறைய இரண்டேமுக்கால் மடங்காயிற்று. இருவர் தாம் ஊன்றி நடந்த கைத்தடியை விட்டுவிட்டனர். இது வெளிவந்த ஆண்டு 1990. புறநானூற்றுப் புலவருள், பூணிட்ட தம் கைத்தடியாலேயே தொடித்தலை விழுத்தண்டினார் எனப் பெயர் பெற்று, மடுவிற் குதித்து மணல் அள்ளிய இளமையை நினைந்து இரங்கிய முதியவரை எண்ணாமல் இவ்விடத்தைக் கடக்க எம்மால் இயலவில்லை.

பதின்மரைக்கொண்டு உலகை அளத்தல் ஆகாதாகலின், அவர்களே 1994இல் நூறு பேரைக்கொண்டு மீண்டும் ஆராய்ந்தனர். பயிற்சி செய்தோர்க்கு வலிமை நூற்றுக்கு 113 பங்கு மிகுந்தது; செய்யாதோர்க்கு 3 பங்கே. பயிற்சியின்றிச் சத்துணவு மட்டும் ஊட்டியதனாற் பயன் விளையவில்லை.

எம் பாட்டியார் ஒருமுறை முற்றத்திற் கால் இடறி வீழ்ந்தார். எலும்பு முறியவில்லை. ஆயினும் வீட்டார் அனைவேமும், “இனி நீங்கள் எழவேண்டா; கேட்டதெல்லாம் கட்டிலுக்கே வரும்” என்று அன்பாற் கட்டளையிட்டோம். கஞ்சியும் வெந்நீரும் வேதப்புத்தகமும் கட்டிலுக்கே சென்றன. சில திங்களில் அவர் பிறர் துணையின்றி எழ இயலாதவரானார். அதனை மூப்பின் செயல் என்றே நம்பினோம். இப்போது அந்நம்பிக்கை எமக்கு இல்லை.

இனி மருந்துகளைப் பற்றிச் சிறிது கூறுவாம். எண்பது கடந்தோர்க்கு மிகுந்த இரத்த அழுத்தத்தைக் குறைத்தல் நன்றோ தீதோ என்பது நெடுங்காலம் வழக்காடப்பட்ட வினா. தளர்ந்த குழாய்களில் இரத்தம் செல்ல அவ்வழுத்தம் வேண்டுமென்றும், குறைத்தால் இறப்பு மிகுமென்றும் அஞ்சினோர் உளர். இவ்வினாவைத் தீர்க்க எழுந்ததே ஹைவெட் எனப்படும் ஆராய்ச்சி. அதிற் சேர்ந்தோர் 3,845 பேர். அனைவரும் எண்பதோ அதற்கு மேலோ வயதுடையார். மருந்துண்டோர்க்கு நன்மை தெளிவாகத் தோன்றியமையால், குறித்த காலத்திற்கு முன்னரே 2007இல் அது நிறுத்தப்பட்டது. 2008இல் வெளியான முடிவின்படி, வெறும் மாத்திரை உண்டோரை நோக்க, மருந்துண்டோரில் எக்காரணத்தாலும் நேர்ந்த இறப்பு நூற்றுக்கு 21 பங்கும், இதயத் தளர்ச்சி 64 பங்கும் குறைந்தன. எண்பதுக்கு மேல் இச்சிகிச்சையாற் கேடே விளையும் என்ற அச்சம் இதனால் வீழ்ந்தது.

முதியோர்க்கு எதுவும் வேண்டா என்பது ஒரு தவறாயின், எல்லார்க்கும் ஒரு மாத்திரை இருக்கட்டும் என்பது மற்றொரு தவறு. ஆஸ்பிரின் மாத்திரையை நாள்தோறும் உண்டால் மாரடைப்பு வாராது காக்கும் என்று நோயற்ற முதியோரும் உண்டு வந்தனர். ஆஸ்திரேலியாவிலும் அமெரிக்காவிலும் பெரும்பாலும் எழுபதும் அதற்கு மேலும் ஆன 19,114 பேரிடம் இது சோதிக்கப்பட்டு, 2018இல் முடிவு வெளியாயிற்று. இவ்வாராய்ச்சியார் கேட்ட வினாவே எமக்குச் சிறப்பாகத் தோன்றுகின்றது. எத்துணை ஆண்டு உயிரோடிருந்தார் என்று மட்டும் கேளாமல், அறிவு மழுங்காமலும் தம் வேலையைத் தாமே செய்துகொண்டும் எத்துணை ஆண்டு இருந்தார் என்று கேட்டனர். முதியோரை வினவினால் அவர் வேண்டுவதும் பெரும்பாலும் அதுவேயாகும். அவ்வகையில் ஆஸ்பிரின் ஒரு நன்மையும் தரவில்லை. பெரும் இரத்தப்போக்கோ நூற்றுக்கு 2.8 என்பதினின்று 3.8 ஆக மிகுந்தது. இம்முடிவு நோய் வாராதவர்க்கே உரியது. முன்பே மாரடைப்பு உற்று, மருத்துவர் சொற்படி அதனை உண்போர் இதனைக் கேட்டுத் தாமாக நிறுத்திவிடலாகாது.

முதியோரை ஆராய்ச்சியிற் போதிய அளவிற் சேர்க்கவேண்டுமென்னும் நெறிமுறையை ஐரோப்பா, அமெரிக்கா, ஜப்பான் ஆகிய நாட்டார் 1993இல் ஒருங்கே வகுத்துக்கொண்டனர். வாயில் சிறிது திறந்தது. எனினும் உட்புகுந்தோர் முதியோருள்ளும் வலியோரே. மேற்கூறிய இரு பேராராய்ச்சிகளிலும் மறதிநோயுற்றோர் சேர்க்கப்படவில்லை. அவரைச் சேர்ப்பதற்கோ உண்மையான தடையொன்று உளது. ஆராய்ச்சிக்கு உடன்படுவோர், இன்னது செய்யப்படும், இன்ன தீங்கு நேரலாம் என்று உணர்ந்தே உடன்படல் வேண்டும். காலையிற் சொன்னதை மாலையில் மறப்பவர் எங்ஙனம் உடன்படுவார்? அவர்பொருட்டு மகனோ மகளோ ஒப்பமிடலாம். ஆயினும் அம்மகன் தந்தையின் விருப்பத்தைச் சொல்லுகின்றானா, தன் களைப்பைச் சொல்லுகின்றானா என்பதை அறிவார் யார்? இதற்கு அஞ்சி அவரை விலக்கிவிட்டாலும், அவர்க்கு மருந்து கொடாதிருக்கப் போவதில்லை; பிறர்மேற் சோதித்த மருந்தையே, அளவறியாது, அவர்க்கும் கொடுத்துக்கொண்டிருப்போம்.