பயறு வண்டும் பயறின் தோலும்: இளம் பூச்சியியலாளருக்கு ஒரு கடிதம்

மலேசியாவின் பண்டார் பாருவில் சேமிப்புப் பூச்சிகளை ஆராயத் தொடங்கியிருக்கும் இளம் பூச்சியியலாளருக்கு,

கிரியான் ஆற்றோர மளிகைக் கடைகளிலும் தோட்டக் குடும்பங்களின் அடுக்களைகளிலும் உள்ள பாசிப்பயறும் உளுந்தும் பெரும்பாலும் கப்பலேறி வந்தவை என்பதால், அவற்றைத் துளைக்கும் பயறு வண்டு எந்த ஊர் வழியினம் என்பதைக் குறித்துக்கொள்ளாமல் தொடங்கும் ஆய்வு அரைகுறையாகவே முடியும். 1979இல் திருநெல்வேலியில் பாசிப்பயறு, உளுந்து நெற்றுகளிலிருந்து எடுத்து வளர்க்கப்பட்ட வழியினம் முட்டைகளை விதைகளெங்கும் ஏறக்குறையச் சீராகப் பரப்பி இடுகிறது. பிரேசிலின் காராமணியிலிருந்து வந்த வழியினத்துக்கு அந்தக் கண்டிப்பு குறைவு. சின்னஞ்சிறு பாசிப்பயறு ஒரு புழுவை வளர்த்தெடுக்கவே போதும் என்பதும், உள்ளே இரண்டாவது புழு நுழைந்தால் பெரும்பாலும் ஒன்றே பிழைக்கும் என்பதும் திருநெல்வேலி வழியினத்தின் கண்டிப்புக்குக் காரணமாகலாம்.

ஒரு விதையில் ஏற்கெனவே முட்டை இடப்பட்டிருக்கிறதா என்பதைத் தாய் வண்டு அறிவது விதையின் மேற்பரப்பிலிருந்துதான். ஒட்டிய முட்டை ஓர் அடையாளம். வண்டு தன் உடலிலிருந்து தோலில் பூசும் கொழுப்பு அமிலங்களும் ஹைட்ரோகார்பன்களும் (கரிமமும் ஹைட்ரஜனும் மட்டுமே சேர்ந்த சேர்மங்கள்) மற்றோர் அடையாளம். நெருங்கிய இனமான அசுக்கி பயறு வண்டில் இந்தக் கலவையை ஜப்பானிய ஆய்வாளர்கள் 1973இலேயே பிரித்தெடுத்தனர். தேயிலையிலும் உள்ள கேட்டச்சின் எனும் துவர்ப்புப் பொருள் அதே வண்டை முட்டையிடத் தூண்டுவதும் பின்னர் தெரியவந்தது. சொரசொரப்பான தோலைவிட வழுவழுப்பான தோலையே வண்டு விரும்புவதால், வேதியியலை மட்டும் அளந்து தோலின் அமைப்பை மறந்துவிடக் கூடாது.

இங்கேதான் புதியவர் பெரும்பாலும் தடுமாறுகிறார். பயறின் சாறு பூசிய கண்ணாடி மணியிலும் வண்டு முட்டையிடும், ஆனால் அங்கே புழு வளர முடியாது. ஆகவே முட்டைகளின் எண்ணிக்கை விருப்பத்தைக் காட்டுமே தவிர, சேதத்தைக் காட்டாது. புழு முட்டையின் அடியிலேயே தோலைத் துளைத்து இறங்கும்போது வெளித்தள்ளும் தூள் முட்டையோட்டை நிரப்புவதால், பொரித்த முட்டை பால்வெள்ளையாகவும், பொரிக்காதது கண்ணாடிபோலவும் தெரியும். இரண்டையும் தனித்தனியே எண்ண வேண்டும். முழு வளர்ச்சியடைந்த வண்டுக்குச் சேமிப்பில் உணவே தேவையில்லை என்பதால், நச்சு இரை வைத்துப் பிடிக்கலாம் என்ற எண்ணத்தையும் (கடைக்காரர்கள் அடிக்கடி கேட்பார்கள்) அப்போதே கைவிடலாம்.

தமிழ்நாட்டு உழவர்கள் துவரைக்குச் செம்மண் கட்டுவதும், பயறுக்கு ஆமணக்கெண்ணெய் தடவுவதும் இந்த மேற்பரப்பைத்தான் மாற்றுகின்றன. ஆனால் எண்ணெய், முட்டையிடுவதைக் குறைப்பதைவிட, இட்ட முட்டையை மூச்சுத்திணறச் செய்வதாலேயே அதிகம் பயன்படுகிறது. முட்டைகளை மட்டும் எண்ணும் சோதனையில் அது தோற்றதாகவே தெரியும். எண்ணெய் தடவிய பயறையும் தடவாததையும் சேர்த்தும், தனித்தனியாகவும் வைத்து, பொரித்தவை எத்தனை, துளையிட்டு வெளிவந்த வண்டுகள் எத்தனை என்று குறிப்பேட்டில் அடுத்தடுத்த நிரல்களில் எழுதிவருவது நல்லது.