முதியோர் வீட்டில் வீழ்வதைத் தடுத்தல்

மாணவர்களே, "வயது போனால் விழுவது வழமைதானே" எனப் பலர் கூறக் கேட்டிருப்பீர்கள். இக்கருத்துத் தவறானது. வீழ்தல் காரணங்களால் ஏற்படுவது. அக்காரணங்களை நீக்கினால் பல வீழ்தல்களைத் தவிர்க்கலாம்.

உலக சுகாதார நிறுவனம் 2021 இல் வெளியிட்ட மதிப்பீட்டின்படி, உலகில் ஆண்டுதோறும் ஏறத்தாழ 684,000 பேர் வீழ்ந்து இறக்கின்றனர். இவர்களுள் 60 வயதுக்கு மேற்பட்டோரே அதிகம்.

1. காரணங்கள்

(அ) உடல் சார்ந்தவை: தசை நலிவு, கண்புரை, நீரிழிவினால் பாதம் விறைத்தல், எழும்போது குருதியமுக்கம் குறைதல், சில மருந்துகளால் ஏற்படும் தலைச்சுற்று.
(ஆ) சூழல் சார்ந்தவை: ஈரத்தரை, பாசி, வெளிச்சமின்மை, உயரமான வாசற்படி, தேய்ந்த செருப்பு.

2. உதாரணம்

யாழ்ப்பாணக் குடாநாட்டுக் கிராமமொன்றில் வாழும் ஓர் அம்மம்மாவைக் கருதுவோம். அது கார்த்திகை மாத மழைக்கால இரவு. சிறுநீர் கழிக்கச் சட்டென எழுந்தவருக்குத் தலை சுற்றுகிறது. பேரப்பிள்ளைகளின் நித்திரை கெடும் என எண்ணி அவர் லைற்றைப் போடவில்லை. மலசலகூடம் கிணற்றடிக்கு அப்பால் உள்ளது. பாசி பிடித்த சீமெந்துத் தரையில் தேய்ந்த செருப்பு வழுக்குகிறது.

இங்கு காரணம் ஒன்றல்ல, நான்கு: தலைச்சுற்று, இருள், பாசி, செருப்பு. இவற்றுள் ஒன்றேனும் இல்லாதிருந்தால் அவர் விழாமல் தப்பியிருக்கலாம்.

3. தடுக்கும் வழிகள்

• கிணற்றடியையும் குளியலறையையும் தேய்த்துக் கழுவிப் பாசியை அகற்றுதல்.
• மலசலகூடத்திலும் படிகளிலும் உறுதியான கைபிடி பொருத்துதல்.
• தலைமாட்டில் ரோச் லைற் வைத்தல். செல்லும் வழியில் இரவில் ஒரு மின்குமிழை எரியவிடுதல்.
• கட்டிலில் சிறிது நேரம் அமர்ந்திருந்து, பின் எழுதல்.
• நடைபாதையில் மின்வயர், மடிந்த பாய், விளையாட்டுப் பொருட்கள் கிடவாது பார்த்தல்.
• கண்களைப் பரிசோதித்தல். மருந்தினால் தலை சுற்றினால் வைத்தியரிடம் கூறுதல். மருந்தைத் தாமாக நிறுத்தக் கூடாது.

கவனிக்க: ஒருமுறை விழுந்தவர் பயத்தினால் கதிரையிலேயே இருந்துவிடுவார். அதனால் தசை மேலும் நலிந்து, மீண்டும் விழும் ஆபத்துக் கூடும். "நீங்கள் சும்மா இருங்கோ அம்மம்மா" என அன்பினால் தடுப்பதும் தீங்காகலாம். கதிரையிலிருந்து எழுந்து அமர்தல், முற்றத்தில் நடத்தல் போன்றவற்றுக்குத் துணையாக நில்லுங்கள்.

4. விழுந்துவிட்டால்

அவசரப்பட்டுத் தூக்காதீர்கள். இடுப்பில் கடும் வலி, காலை அசைக்க முடியாமை, ஒரு கால் குறுகித் தோன்றுதல் ஆகியன இடுப்பு என்பு முறிவைக் காட்டலாம். அசைக்காது போர்த்திவைத்து, 1990 இலக்கத்துக்கு அழையுங்கள். இவ்விலவச அம்புலன்ஸ் சேவை 2018 இல் வட மாகாணத்துக்கும் விரிவுபடுத்தப்பட்டது. தலை அடிபட்டிருந்தால், நலமாகத் தோன்றினாலும் வைத்தியரிடம் காட்டுதல் வேண்டும்.

பிள்ளைகளுக்குக் கரைச்சல் கொடுக்கக்கூடாது என்று பல முதியோர் தாம் விழுந்ததைச் சொல்வதில்லை. எனவே நீங்களே கேட்டறியுங்கள்.

பயிற்சி

1. வீழ்தலுக்கான உடல்சார் காரணங்கள் மூன்று தருக.
2. பயத்தினால் நடமாட்டத்தைக் குறைப்பது ஏன் ஆபத்தானது? விளக்குக.
3. உங்கள் வீட்டு முதியவரின் கட்டிலிலிருந்து மலசலகூடம் வரை இன்றிரவு நடந்து பாருங்கள். காணும் ஆபத்துகளைப் பட்டியலிட்டு, அவற்றுள் ஒன்றை நாளைக்கே நீக்குங்கள்.