படையில் நிறம் பார்க்கிறார்களா? பொறுத்துப் போகாதீர்கள், எழுதி வையுங்கள்

அமெரிக்கக் கடற்படையின் போர்க்கப்பல் ஒன்றில் வேலை பார்த்த ஐந்து மாலுமிகள் தங்கள் மேலதிகாரிகள் மீது வழக்குப் போட்டார்கள். நல்ல டியூட்டியெல்லாம் மற்றவர்களுக்குப் போகிறது. எங்களுக்கு மிரட்டலும் மட்டமான மதிப்பீட்டறிக்கையும்தான். சின்னத் தப்புக்கும் பெரிய தண்டனை. காரணம் நாங்கள் சிறுபான்மை இனத்தவர் என்பதே. இதுதான் அவர்கள் புகார். வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. படைவீரர் தன் மேலதிகாரி மீது நஷ்டஈடு கேட்டு இப்படி வழக்குத் தொடர முடியாது என்று 1983-இல் தீர்ப்பு வந்தது. நீதிபதிகளில் ஒருவர்கூட மாறுபடவில்லை. ஐவர் சொன்னது உண்மையா என்ற விசாரணைக்கே அங்கே இடமில்லாமல் போயிற்று.

அமெரிக்கப் படையில் இருக்கும், சேர நினைக்கும் நம் பிள்ளைகள் முதலில் தெரிந்துகொள்ள வேண்டியது இதைத்தான். அப்படிச் சேர்ந்தவர்கள் உண்டு. குடியுரிமை இல்லாதவர்களை மொழித்திறனுக்காகச் சேர்த்துக்கொண்டு, 2016-இல் நின்றுபோன 'மாவ்னி' திட்டத்தின் மொழிப் பட்டியலில் தமிழும் இருந்தது. வெளியே ஒரு கம்பெனியில் நிறம் பார்த்தால் கோர்ட்டுக்குப் போகலாம். பிடிக்காவிட்டால் மறுநாளே ராஜினாமா கடிதம் நீட்டலாம். சீருடைக்காரருக்கு இந்த இரண்டு வழியும் ஏறக்குறைய அடைபட்டவை. ஒப்பந்தக் காலம் முடியும்வரை அதே சார்ஜென்ட், அதே பாரக்ஸ். மிச்சமிருப்பது படைக்குள்ளேயே உள்ள புகார் வழிகள். அவற்றில் காகிதம் உள்ளவர் பேச்சுத்தான் எடுபடும்.

முதல் சம்பவத்திலேயே எழுதத் தொடங்குங்கள்

சொந்த நோட்டுப் புத்தகம் ஒன்று வாங்குங்கள். அரசாங்கக் கம்ப்யூட்டரில் வேண்டாம். "சார்ஜென்ட் இனவெறி பிடித்தவர்" என்று எழுதினால் அது உங்கள் கருத்து. விசாரணை அதிகாரிக்கு அதனால் பயனில்லை. இப்படி எழுதுங்கள்: "செவ்வாய், காலை 6.40. அணிவகுப்பு முடிந்து ஆயுதக் கிடங்கு வாசல். சார்ஜென்ட் என் பெயர் வாயில் வராது என்று சொல்லி வேறு பெயரில் கூப்பிட்டார். பக்கத்தில் இருவர் நின்றார்கள். ஒருவர் சிரித்தார், மற்றவர் தலையைத் திருப்பிக்கொண்டார்." அவர் சொன்ன சொல்லை, எவ்வளவு அசிங்கமாக இருந்தாலும், சொன்னபடியே எழுதுங்கள். தலையைத் திருப்பிக்கொண்டவர் பெயரைக் கட்டாயம் குறியுங்கள். பெரும்பாலும் உங்கள் சாட்சி அவர்தான்.

வசவைவிட டியூட்டி பட்டியல் வலுவான ஆதாரம். யாருக்கு எத்தனை இரவு பாரா, யாருக்கு எத்தனை வார இறுதி, பயிற்சி வகுப்புக்கு யார் பெயர் போனது என்று மூன்று மாதம் கணக்கெடுத்தால், வேண்டுமென்றே செய்கிறார்களா தற்செயலா என்பது தெரிந்துவிடும். தற்செயல்தான் என்று தெரிந்தால் அதுவும் நல்லதே, வீண் பகை தவிரும். பட்டியலைப் போட்டோ எடுக்க உங்கள் யூனிட்டில் அனுமதி உண்டா என்று முதலில் பாருங்கள். ஆதாரம் சேர்க்கப் போய் நீங்களே குற்றவாளி ஆகக் கூடாது.

கேலியைச் சிரித்துச் சமாளிக்கலாம் என்று பலர் நினைக்கிறார்கள். நியூயார்க் சைனாடவுனில் வளர்ந்த படைவீரர் டேனி சென் அப்படித்தான் தொடங்கினார். சீனர்களைப் பற்றிச் சக வீரர்கள் ஓயாமல் ஜோக் அடிக்கிறார்கள், பதிலுக்கு அடிக்க என்னிடம் ஜோக் தீர்ந்துகொண்டிருக்கிறது என்ற பொருளில் பயிற்சிக் காலத்திலேயே வீட்டுக்கு எழுதினார். ஆப்கானிஸ்தானில் மேலிருப்பவர்களே அவரை இனப்பெயர் சொல்லி அழைத்தார்கள். கல்லெறிந்துகொண்டே சரளைக்கல்லில் தவழவிட்டார்கள். 2011 அக்டோபரில், 19 வயதில், தற்கொலை செய்துகொண்டார். எட்டுப் பேர் மீது குற்றம் சாட்டப்பட்டது. மரணத்துக்குப் பொறுப்பு என்று எவரும் தண்டிக்கப்படவில்லை. உங்கள் தம்பியோ மகளோ கடிதத்தில் இப்படி ஜோக் பற்றி எழுதினால், தயவுசெய்து அதை ஜோக்காக எடுத்துக்கொள்ளாதீர்கள்.

யாரிடம் போவது

சின்ன விஷயம், ஆள் திருந்தக்கூடியவர் என்று தோன்றினால் நேரிலேயே சொல்லலாம்: "சார்ஜென்ட், என் பெயர் இது, இப்படித்தான் உச்சரிக்க வேண்டும்." அதோடு தீர்ந்த சம்பவங்களும் உண்டு. தீராவிட்டால் சம வாய்ப்பு ஆலோசகரிடம் போங்கள். வாய்மொழிப் புகார் சீக்கிரம் முடியும், தடம் அதிகம் விடாது. எழுத்துப் புகார் சத்தியப் பிரமாணத்தோடு தருவது, விசாரணை கட்டாயம். தரைப்படையில் இதற்குச் சம்பவம் நடந்து 60 நாள் என்பது கெடு. அது தாண்டினால் ஏற்பதும் தள்ளுவதும் கமாண்டர் கையில். என்னைக் கேட்டால் எழுத்துப் புகார் என்றே சொல்வேன்.

கமாண்டரே தப்புச் செய்தவர் என்றால்? இராணுவச் சட்டத்தின் 138-ஆம் பிரிவு அதற்காகவே இருக்கிறது. முதலில் அவரிடமே பரிகாரம் கேட்டு எழுத வேண்டும். மறுத்தால் அந்த மறுப்பை இணைத்து அவருக்கு மேலே உள்ளவருக்கு அனுப்பலாம். இன்ஸ்பெக்டர் ஜெனரலிடமும், உங்கள் தொகுதி காங்கிரஸ் உறுப்பினரிடமும் போகும் உரிமையை யாரும் தடுக்க முடியாது, அது சட்டம். போனதற்காகப் பழிவாங்கினால் தெரிந்த நாளிலிருந்து ஓர் ஆண்டுக்குள் புகார் தரலாம். 2019 முதல் பழிவாங்குவது இராணுவ நீதிமன்றக் குற்றமும்கூட. மதிப்பீட்டறிக்கையைக் கெடுத்திருந்தால் ஆவணத் திருத்த வாரியம் உண்டு, அதற்கு மூன்று ஆண்டு.

இப்போது காற்று எதிர்த்திசையில் வீசுகிறது என்பதையும் சொல்லிவிட வேண்டும். அதிபரின் 2025 ஜனவரி உத்தரவு, படையின் பன்மைத்துவ அலுவலகங்களை மூடச் சொன்னது. பெயரில்லாப் புகாருக்கும், திரும்பத் திரும்பப் புகார் தருபவருக்கும் இனி இடமில்லை என்று பாதுகாப்பு அமைச்சர் பீட் ஹெக்செத் அதே ஆண்டு செப்டம்பரில் தளபதிகள் கூட்டத்திலேயே அறிவித்தார். ஆகவே பெயர் போட்டு, ஆதாரம் கட்டி, ஒரே தடவையில் முழுமையாகக் கொடுங்கள். படிவமும் கெடுவும் மாறியிருக்கலாம், அன்றைய விதியைப் படித்துவிட்டுப் போங்கள்.

நாலு பேருக்கு மேலாளாக இருந்தால்

உத்தரவு மட்டும் போதாது. படையில் இனப்பிரிவினை கூடாது என்று ட்ரூமன் 1948 ஜூலை 26-இல் கையெழுத்திட்டார், தரைப்படை இழுத்தடித்தது. கொரியப் போரில் ஆள் பற்றாக்குறை வந்த பிறகுதான் வேகம் பிறந்தது. கடைசிக் கறுப்பர் தனிப்பிரிவு கலைந்தது 1954-இல்.

கடற்படைத் தலைவர் எல்மோ ஜும்வால்ட் 1970 டிசம்பரில் வேறு மாதிரி தொடங்கினார். கறுப்பின மாலுமியின் தலைமுடியை வெட்டத் தெரிந்த முடிதிருத்துநர் ஒருவராவது பெரிய தளம் ஒவ்வொன்றிலும் இருக்க வேண்டும், அவர்களுக்கு வேண்டிய பொருள் படைக் கடைகளில் கிடைக்க வேண்டும் என்று 66-ஆம் சுற்றறிக்கையில் எழுதினார். மாலுமிக்கு நாள்தோறும் படுகிற விஷயம் அது. அதற்குப் பிறகும் கப்பல்களில் கலவரம் நடந்தது உண்மைதான், ஆனால் கைவைத்த இடம் சரி. தரைப்படை 2020-இல் அதிகாரிகள் பதவி உயர்வுக் கோப்பிலிருந்து புகைப்படத்தை எடுத்துவிட்டது. படமில்லாமல் வாக்களித்துப் பார்த்தபோது பெண்களுக்கும் சிறுபான்மையினருக்கும் முடிவு மேம்பட்டதுதான் காரணம்.

உங்கள் பிரிவிலும் இப்படித் தேடுங்கள். தண்டனைப் பதிவேட்டை எடுத்து, ஒரே தப்புக்கு யாருக்கு எச்சரிக்கை, யாருக்கு மெமோ என்று பாருங்கள். கறுப்பின வீரர்கள் இராணுவ நீதிமன்றம் ஏறும் வாய்ப்பு வெள்ளையரைவிட அதிகம். குற்றவாளி எனத் தீர்ப்பாவதில் மட்டும் பொதுவாக அந்த வேறுபாடு இல்லை என்று அரசுத் தணிக்கை அமைப்பு 2019-இல் கண்டறிந்தது. அப்படியானால் கோணல் புகார் எழுதும் மேசையில், அதாவது உங்கள் மேசையில். சவர விதியையும் பாருங்கள். சுருள்முடிக்காரர்களுக்கு, குறிப்பாகக் கறுப்பின ஆண்களுக்கு, தினமும் மழித்தால் முடி தோலுக்குள் வளைந்து புண்ணாகும். ஓராண்டு சிகிச்சைக்குப் பிறகும் விலக்கு தேவைப்பட்டால் பணிநீக்க நடவடிக்கை தொடங்கலாம் என்பது 2025-இன் உத்தரவு. அந்த ஓராண்டில் சிகிச்சை உண்மையிலேயே கிடைத்ததா என்று பார்க்க வேண்டியவர் நீங்கள்.

கடைசியாக ஒன்று. புகார் நடக்கும் மாதங்கள் கடினமானவை. மனம்விட்டுப் பேச படைப்பிரிவின் சமய குருவிடம் போகலாம். எந்த மதம் என்றாலும் சரி, அந்தரங்கமாகச் சொன்னதை அவர் வெளியே சொல்லக் கூடாது. உயிரை விட்டுவிடலாம் என்று தோன்றினால் அமெரிக்காவுக்குள் 988-ஐ அழைத்து 1-ஐ அழுத்துங்கள். இரவு பகல் எந்த நேரமும் எடுப்பார்கள்.