மணிலாக் கயிறும் நம் வாழை நாரும்

மணிலா என்றவுடன் நம்மில் ஆற்காட்டுப் பக்கத்துக்காரர்களுக்கு நிலக்கடலைதான் நினைவுக்கு வரும். ரயில்வே பணிமனையில் காலம் தள்ளிய எனக்கோ கயிறு நினைவுக்கு வரும்.

டிப்ளமா முடித்து 1982-ல் வேலையில் சேர்ந்த புதிது. கனமான இரும்பு உறுப்பு ஒன்றைத் தூக்கும்போது மணிலாக் கயிறு அறுந்தது. நல்லவேளை, யார் மீதும் படவில்லை. முதல் நாள்தான் அந்தக் கயிற்றைப் பார்த்து, 'சரியாக இருக்கிறது' என்று கையெழுத்துப் போட்டவன் நான். நம் ஊர்க்காரரான ஃபோர்மேன் என்னைத் திட்டவில்லை. அறுந்த நுனியைக் கையில் கொடுத்து, புரியைப் பிரித்துப் பார்க்கச் சொன்னார். மேலே பொன்னிறம், உள்ளே கறுத்துப் பொடியாக உதிர்ந்தது. ஈரத்தோடு சுருட்டி, காற்றுப் புகாத மூலையில் வைத்ததன் பலன். "தம்பி, இது இரும்பு இல்லைப்பா, செடி. செடின்னு நினைச்சுப் பாரு" என்றார்.

அது என்ன செடி என்பது பல வருடங்கள் எனக்குத் தெரியாது. மகள் வேலை நிமித்தம் மணிலாவில் இருந்தபோது, 2019-ல் அங்கே இரண்டு மாதம் தங்கினேன். கண்டதையும் படித்ததையும் நம் ஞாயிறு தமிழ் வகுப்புப் பிள்ளைகளுக்காக எழுதுகிறேன்.

அபாகா

மணிலாக் கயிறு சணலால் ஆனதன்று. அபாகா என்னும் வாழை இனத்தின் நாரால் ஆனது. இந்த வாழையைப் பழத்துக்காக வளர்ப்பதில்லை, பட்டைக்காகவே வளர்க்கிறார்கள். நட்டு ஏறக்குறைய இரண்டு ஆண்டுகளில், பூக்கும் பருவத்தில் வெட்டி, பட்டையின் வெளிப்புறத்தை நாடாவாக உரிக்கிறார்கள். அந்த நாடாவைக் கத்திக்கும் மரக்கட்டைக்கும் நடுவே கொடுத்து இழுத்தால் சதை வழிந்துபோய் நார் மட்டும் மிஞ்சும். அதைத் தாமதிக்காமல் உலர்த்த வேண்டும். இந்த நார் உப்புநீரைத் தாங்கும். அதனால்தான் பாய்மரக் கப்பல்கள் இதைத் தேடின.

மிண்டனாவோ தீவில் செபு ஏரிக்கரையில் வாழும் டிபோலி இனப் பெண்கள், இதே நாரில் 'தினாலாக்' என்ற துணி நெய்கிறார்கள். நாரை முடிச்சிட்டுச் சாயம் தோய்ப்பார்கள். கோலங்கள் கனவில் வருகின்றன என்பது அவர்கள் நம்பிக்கை. அவர்களில் லாங் டூலாய் என்ற அம்மையாரை 1998-ல் அந்நாட்டு அரசு தலைசிறந்த கைவினைஞராகக் கௌரவித்தது. 2015-ல் அவர் மறைந்தார்.

அன்னாசி

ஸ்பானியர் கொண்டுவந்த அன்னாசியின் இலையிலிருந்தும் நார் எடுக்கிறார்கள். அக்லான் மாகாணத்தில் கலிபோ ஊர் இதற்குப் பெயர்போனது. உடைந்த பீங்கான் தட்டின் விளிம்பால் சுரண்டினால் முரட்டு நார் வரும். பிறகு தேங்காய் ஓட்டால் மெதுவாகச் சுரண்டினால் உள்ளிருக்கும் மெல்லிய நார் வரும். அதை இழை இழையாக முடிந்து நூலாக்கி, கண்ணாடி போன்ற துணியாக நெய்கிறார்கள். ஆண்கள் விசேஷங்களுக்கு அணியும் 'பாரோங்' சட்டையில் உயர்ந்த ரகம் இதில்தான். 2023-ல் இந்த நெசவு யுனெஸ்கோ பட்டியலில் இடம்பெற்றது.

கோரைக்கு ஒரு தங்கை

சமார் தீவில் பாசே என்னும் ஊரில் 'திகோக்' என்ற சதுப்புநிலப் புல்லில் பாய் பின்னுகிறார்கள். நம் பத்தமடைக் கோரைக்கு உறவுதான். பத்தமடையில் தறி உண்டு. அங்கே கையால்தான் பின்னல். வெயிலில் புல் முறியும் என்பதால், சாவோப் குகையின் குளிர்ச்சியில் உட்கார்ந்து பின்னும் வழக்கம் உண்டு. என் கயிற்றைக் கெடுத்த ஈரம், இங்கே பாய்க்கு உதவுகிறது!

மூங்கில்

மணிலாவை அடுத்த லாஸ் பின்யாஸ் தேவாலயத்தில் 1824-ல் முடிக்கப்பட்ட ஆர்கன் வாத்தியம் ஒன்று இருக்கிறது. 1,031 குழல்களில் 902 மூங்கில். அதைச் செய்த பாதிரியார் தியேகோ செரா, பூச்சி அரிக்காமலிருக்க மூங்கில்களை முதலில் கடற்கரை மணலில் புதைத்து வைத்தாராம். 200 ஆண்டுகள் கழித்தும் அது இசைக்கிறது.

பொருள் எளிது, பக்குவம் அரிது

இவை எதுவும் விலையுயர்ந்த பொருளல்ல. எப்போது வெட்டுவது, எதால் சுரண்டுவது, எங்கே உலர்த்துவது என்ற பக்குவம்தான் விலைமதிப்பற்றது. 2020 நவம்பரில் வீசிய கடும்புயல் அபாகாவுக்குப் பேர்போன கட்டன்டுவானெஸ் தீவின் தோட்டங்களைச் சாய்த்தது. சாய்ந்த வாழையை மறுபடி நடலாம். பக்குவம் தெரிந்த கை ஓய்ந்து, அடுத்த கை கற்காமல் போனால், எதை நடுவது?

பணிமனையில் மணிலாவுக்குப் பதில் நைலான் வாங்கலாம் என்று பிற்காலத்தில் கோப்பில் எழுதியவனும் நான்தான். பாதுகாப்புக்கு அது சரியே. ஆனால் புரியைப் பிரித்துப் பார்க்கும் பழக்கம் எனக்குப் பின் வந்தவர்களிடம் இல்லாமல் போனது. நான் சொல்லிக்கொடுக்கவில்லை. அந்தக் குறை இன்னும் உறுத்துகிறது.

செய்து பாருங்கள்

பிள்ளைகளே, இங்கே நாக்பூரில் சத்யநாராயண பூஜை முடிந்ததும் வாழைக்கன்றைத் தூக்கி எறிகிறார்கள். ஒன்றைக் கேட்டு வாங்கி வாருங்கள். ஒரு பட்டையை உரித்து, பலகைமேல் வைத்து, மழுங்கிய கத்தியால் பெரியவர் துணையோடு வழித்துப் பாருங்கள். வரும் நாரை நிழலில் ஒன்று, வெயிலில் ஒன்று, ஈரத்துணியில் சுற்றி ஒன்று என ஒரு வாரம் வையுங்கள். பிறகு இழுத்துப் பார்த்து, எது முதலில் அறுகிறது என்று எழுதி வாருங்கள்.

வீட்டில் பாட்டி இருந்தால், அந்த நாரில் பூத்தொடுக்கவும் கற்றுக்கொள்ளுங்கள். பூவோடு சேர்ந்து நாரும் மணக்கட்டும்.